சமுதாயக் கல்லூரியா, நேரடியாகப் பல்கலைக்கழகமா? சான் வாக்கின் பள்ளத்தாக்கின் கணக்கு

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் எட்டு கவுண்டிகள். மாநில அளவில் 25 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இளங்கலைப் பட்டம் பெற்றவர்கள். மெர்செட், துலாரே கவுண்டிகளில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. நாட்டுக்கே பழமும் பாதாமும் விளைவிக்கும் மண்ணில் இந்த நிலை என்பது மனதை உறுத்துகிறது.

பள்ளி முடித்த பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழிகள்.

சமுதாயக் கல்லூரி என்பது பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களைத் தரும் அரசுக் கல்லூரி; அதை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அது மலிவு. ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவின் ஓர் அலகுக்கு, 46 டாலர். பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதுவும் தள்ளுபடி ஆகும். வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்று கணக்கு. அப்படிப் படித்தால் 60 யூனிட் முடிக்க ஐந்து பருவம் ஆகும், அதாவது இரண்டரை வருடம். இடையில் தோட்ட வேலையோ கிடங்கு வேலையோ வந்தால் படிப்பு அப்படியே நின்றுவிடும். 2020 பெருந்தொற்றில் இந்தக் கல்லூரிகளின் சேர்க்கைதான் பலமாகச் சரிந்தது.

இரண்டாவது வழி, நேரடியாகப் பல்கலைக்கழகம். ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு, டர்லாக் ஊர்களின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் வருடக் கட்டணம் 6,000 டாலருக்கு மேல். அப்புறம், கலிபோர்னியா பல்கலைக்கழகம் (UC) என்ற தனி அமைப்பு 2005இல் திறந்த மெர்செட் வளாகம். அங்கே பெரும்பாலோர் முதல் தலைமுறை மாணவர்கள்.

உதவித்தொகை கட்டணத்தை ஈடுகட்டினால் நேரடியாகப் பல்கலைக்கழகம்தான் என் தேர்வு. இல்லையென்றால் சமுதாயக் கல்லூரி, ஆனால் பருவத்துக்கு 15 யூனிட், முதல் பருவத்திலேயே பல்கலைக்கழகத்துக்கு மாற வழிவிடும் இடமாற்றப் பட்டத்துக்கான திட்டம்.