ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் உபுண்டுவும்: நகர மறுக்கும் கோடு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து தெரிந்தவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். லேப்டாப் பழசு, விண்டோஸ் 11 ஏறாது, இருப்பதை வைத்துக்கொண்டே பக்கத்தில் உபுண்டு (இலவச லினக்ஸ் இயங்குதளம்) போடலாமா? போன வாரம் ஒரு நண்பர் கேட்டபோது, "தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதே டிஸ்க்கில் போடாதீர்கள்" என்றேன். பல வருஷமாக அதே டிஸ்க்கில் இரண்டையும் வைத்து வேலை பார்க்கிற ஆள் இப்படிச் சொன்னால் அவருக்குக் குழப்பம் வராமல் இருக்குமா? அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு இரண்டும் கட்டாயம் வேண்டும். அழைப்பிதழ், விழா மலர், கோயில் நோட்டீஸ் வடிவமைப்பதுதான் தொழில். பழைய வாடிக்கையாளர்களின் கோப்புகளெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க விண்டோஸ்தான். எழுதுவது, மெயில், கணக்கு, ஸ்கேன் எல்லாம் உபுண்டுவில். உபுண்டுவுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியில் விண்டோஸை ஓட்டலாமே என்பார்கள். 8 ஜிபி ரேமில் அது பெரிய பேனர் கோப்பைத் திறக்கும்போது மூச்சு வாங்குகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒன்று இன்னொன்றின் தரவை அழித்ததே கிடையாது. கணினியைப் போட்டதும் க்ரப் என்ற தொடக்க நிரலின் பட்டியல் வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்தால் அது எழும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டால் செக்யூர் பூட் (அங்கீகரித்த சிஸ்டத்தை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) போட்டிருந்த, இரண்டு சிஸ்டமும் உள்ள பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸ் எழாமல் நின்றது உண்மை. மைக்ரோசாஃப்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. என் கணினியில் அந்தப் பிரச்சினை வரவில்லை.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. உபுண்டுவில் என் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தனிப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் பிரித்த பகுதியில்) வைத்திருக்கிறேன். 20.04, 22.04, 24.04 என்று பதிப்பு மாறும்போதெல்லாம் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவேன். இன்ஸ்டாலரில் ஹோமைக் காட்டி, ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டால் போதும். முடிந்து உள்ளே போனால் பழைய டெஸ்க்டாப் படம், பிரவுசரில் விட்ட டேப்கள், நான் சேர்த்த எழுத்துருக்கள் எல்லாம் அப்படியே இருக்கும். புதுச் சிஸ்டம், ஆனால் என் மேசை அப்படியே. இந்தச் சுகத்தை விண்டோஸில் நான் கண்டதில்லை.

சின்னத் தொல்லைகளுக்கு மருந்து உண்டு. விண்டோஸ் போர்டில் இருக்கும் கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக 5:30 மணி பின்னால் இருக்கும். உபுண்டுவில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் உபுண்டு விண்டோஸின் பார்ட்டிஷன்களைப் படிக்க விடும், எழுத விடாது. பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை விடாமல் படுத்துவது கோடு. எந்தச் சிஸ்டத்துக்கு எத்தனை ஜிபி என்று முதல் நாள் போடுகிற கோடு.

என் 512 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 என்று காட்டும். உபுண்டுவின் டிஸ்க்ஸ் கருவி 512 என்றே காட்டும். ஒன்று 1024-ஆல் வகுக்கிறது, மற்றது 1000-ஆல். பிரிக்கும்போது எண்ணைத் தட்டச்சு செய்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லேப்டாப் வாங்கிய கடையிலேயே சி, டி என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்கவே இல்லை, நம் ஊர்க் கடைகளில் அதுதான் வழக்கம். நான் டியின் வாலிலிருந்து வெட்டி உபுண்டுவுக்குக் கொடுத்தேன். ஆக வரிசை இப்படி: 100 எம்பிக்கு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் (கணினி எழத் தேவையான கோப்புகள் இருக்குமிடம்), சி 120 ஜிபி, அதை ஒட்டி விண்டோஸைப் பழுது பார்க்க உதவும் ரிக்கவரி பார்ட்டிஷன், டி 250, உபுண்டு ரூட் 30, மீதி ஹோம். 30 ஜிபி அன்றைக்கு நியாயமான கணக்குதான். உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி போதும் என்றே எங்கும் எழுதியிருக்கும்.

வருஷம் போகப் போக சி நிரம்பியது, ரூட்டும் நிரம்பியது. உபுண்டுவில் செயலிகளை நிறுவும் ஸ்னாப் ஒவ்வொரு செயலிக்கும் பழைய பதிப்பு ஒன்றைச் சேர்த்து வைக்கும், சிஸ்டத்தின் மையமான கெர்னல்களும் ஒன்றுக்கு மேல் இருக்கும். இந்தப் பக்கம் "இடம் குறைவு" என்று அறிவிப்பு, அந்தப் பக்கமும் அதே அறிவிப்பு, நடுவில் டியில் நூறு ஜிபி சும்மா கிடக்கிறது. எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து டியைச் சுருக்கினேன். கருப்புப் பட்டையோடு காலி இடம் வந்து நின்றது. சி மேல் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' மங்கிப்போய்க் கிடக்கிறது. அழுத்தவே முடியாது.

காரணம் எளிது. டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் ஜிபிடி அட்டவணையில் ஒரு பார்ட்டிஷனுக்கு இருக்கும் முகவரி இரண்டே எண்கள்: தொடங்கும் செக்டார் (டிஸ்க்கின் சின்னக் கட்டம்), முடியும் செக்டார். இடையில் ஓட்டை கிடையாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. சி வளர வேண்டுமானால் காலி இடம் அதன் வலப்பக்கத்தை ஒட்டியே இருக்க வேண்டும். டியைச் சுருக்கினால் கிடைப்பதோ டியின் கடைசியில். நடுவில் முழு டியும் இருக்கிறது, போதாததற்கு ரிக்கவரி பார்ட்டிஷனும் இருக்கிறது. பின்னால் மனை காலியாக இருந்தாலும் இடையில் பொதுப்பாதை ஓடினால் வீட்டை நீட்ட முடியாதே, அந்த நிலைமைதான்.

நியாயமாகப் பார்த்தால் ரிக்கவரி அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் அது பெரிதாக வேண்டியிருந்தால் சியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அதை சிக்கு அடுத்து வைக்கச் சொல்கிறார்கள். 2024 ஜனவரியில் அதற்கான தேவையும் வந்தது. ரிக்கவரியில் இடம் போதாமல் ஒரு அப்டேட் பலருக்கு ஏறவில்லை. கட்டளை வரியில் 250 எம்பி கூட்டிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே வழிமுறை வெளியிட்டது. பார்ட்டிஷன் என்றால் என்னவென்றே தெரியாதவர்களைக் கூட இந்தக் கோடு விடவில்லை.

சரி, சியிலிருந்து எடுப்பதாவது சுலபமா? அதுவும் இல்லை. சியில் 60 ஜிபி காலியாக இருந்தாலும், சுருக்கப் போனால் 9 ஜிபிதான் தருவேன் என்னும். பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் மாதிரி நகர்த்த முடியாத ஏதோ ஒன்று கடைசியில் உட்கார்ந்திருக்கும். எது என்று ஈவன்ட் வியூவரில் 259 என்ற எண்ணுள்ள பதிவு சொல்லும். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கிவிட்டு மறுபடி போட வேண்டும்.

உபுண்டு ரூட்டுக்கு வேறு சிக்கல். டி விட்டுக்கொடுத்த காலி இடம் அதன் இடப்பக்கத்தில் இருக்கிறது. ரூட்டில் இருக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறை வலப்பக்கம்தான் வளரும். இடப்பக்கம் வளர வேண்டுமானால் பென் டிரைவிலிருந்து ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைப் போட்டு, பார்ட்டிஷனின் தொடக்கத்தையே முன்னுக்கு இழுக்க வேண்டும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் மொத்தத் தரவையும் எடுத்து எழுத வேண்டும். நகர்த்தினால் சிஸ்டம் எழாமல் போகலாம் என்று ஜிபார்ட்டட் எச்சரிக்கை காட்டும். பாதியில் நின்றால் தரவு போச்சு. பேட்டரி முழுசாக ஏறியிருக்கிறதா, கரண்ட் நிற்குமா என்று பார்த்துவிட்டுத்தான் 'அப்ளை' கொடுத்தேன். 30 ஜிபிதான், முடிந்துவிட்டது. ஆனால் சிக்காக 250 ஜிபி டியை இப்படி நகர்த்த எனக்கு மனசு வரவில்லை, இன்று வரை செய்யவில்லை. சியை வாராவாரம் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், லினக்ஸுக்குள்ளே இந்தப் பிரச்சினைக்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். எல்விஎம் என்ற டிஸ்க் மேலாண்மை முறையில் இடம் ஒரே குளமாகக் கிடக்கும், வேண்டிய அளவு எடுக்கலாம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2020-இல் 33-ஆம் பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைக்கு மாறிவிட்டது. அதில் ரூட்டும் ஹோமும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து பகிர்ந்துகொள்ள மட்டும் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் 1980-களின் பிசி போட்ட அதே மாதிரிக் கோடுதான் இன்றும்.

ஆக, இத்தனை உழைத்துக் கொடுத்த அமைப்பை நான் கழற்றப் போவதில்லை. ஆனால் இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் இருந்தால், சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி உபுண்டுவை அதில் போடுங்கள். நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் லோடர் (சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) போய் அந்த டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உட்கார்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ஒரே ஒரு டிஸ்க்தான் என்கிறவர்கள் முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிக்குத் தாராளமாகவே கொடுங்கள், பிறகு நீட்டக் கடினமானது அதுதான். அடுத்து உபுண்டு, ரூட்டும் ஹோமும் ஒன்றாகவே இருக்கட்டும்; நான் அனுபவித்த அந்தச் சுகம் கிடைக்காது, ஆனால் ஒரு கோடு குறையும். டி கடைசியில். எல்லாவற்றிலும் அதை மட்டும்தான் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு அழித்து, உபுண்டுவை வலப்பக்கம் நீட்டி, மிச்சத்தில் மறுபடி உருவாக்கலாம். ஒரு மாலை வேலை, எந்தச் சிஸ்டத்தையும் இடம் பெயர்க்க வேண்டியதில்லை.