தங்க எழுத்து அட்டை, உள்ளே சில உருப்படியான பக்கங்கள்: ஒரு ‘நம்பிக்கை டைரி’யைப் பற்றி

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: 5க்கு மூன்றரை. அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் மட்டும் போடச் சொன்னால் ஒன்றுகூடத் தேறாது. நடுவில் வரும் சில பக்கங்களுக்காகத்தான் இந்த மூன்றரை. டைரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அட்டையை மட்டும் மாற்றி, இதே அமைப்பில் ஏகப்பட்ட டைரிகள் விற்கின்றன. நீங்கள் எதை வாங்கப் போனாலும் உள்ளே எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

யார் கையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பொருளெல்லாம் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களிடம் நன்றாகத்தான் வேலை செய்யும். என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அவர் உள்ளே படுத்திருப்பார், நான் வெளியே நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கணக்கு வேலை பார்ப்பேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டைரியை வாங்கிக் கொடுத்தது என் நாத்தனார். “தினமும் நாலு வரி எழுதுங்க அண்ணி, மனசு லேசாகும்” என்றாள். எனக்கு இந்த வகையறாவில் பெரிய நம்பிக்கை கிடையாது. கணக்கு எழுதிப் பழகிய கை. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்த பேரேடு மாதிரி எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும்.

அட்டையில் தங்க நிறத்தில் ‘எப்போதும் புன்னகை’. சரி, அது விற்பனைக்கு. முதல் பக்கம்தான் தொந்தரவு. ‘எல்லாம் சரியாகிவிடும் நாள்’ என்று போட்டு, தேதி எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அதைக் காலியாகவே விட்டேன். அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965இல் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். வெளியே வந்தது 1973இல். சிறையில் யார் தாக்குப்பிடிக்கவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, ‘கிறிஸ்துமஸுக்குள் போய்விடுவோம்’, அப்புறம் ‘ஈஸ்டருக்குள் போய்விடுவோம்’ என்று தேதி குறித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் என்றார். கடைசியில் வெளியே போவோம் என்ற நம்பிக்கை அவருக்கும் இருந்தது. ஆனால் இன்றைய நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அவர் குறைத்துப் பார்க்கவில்லை. உறுப்புக்காகக் காத்திருக்கும் வீட்டில் வந்து தேதி எழுதச் சொல்கிற டைரி, இந்த ஒரு விஷயத்தை யோசிக்காமல் அச்சாகியிருக்கிறது.

அடுத்தது தினசரிப் பக்கம். ‘இன்று நடந்த மூன்று நல்லவை’ என்று மூன்று கோடுகள், அவ்வளவுதான். மார்ட்டின் செலிக்மேன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பழக்கம் இது. ஒரு வாரம் ஒவ்வொரு இரவும் மூன்று நல்ல விஷயங்களை எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது என்பது அதில் வந்த முடிவு. ஆனால் அங்கே எழுதச் சொன்னது நல்லது என்ன நடந்தது என்பதோடு நிற்கவில்லை, அது ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். டைரி தயாரித்தவர்கள் அந்த இரண்டாம் பாதியை வெட்டிவிட்டார்கள். ‘ஏன்’ இல்லாவிட்டால் நாலாம் நாளே ‘குடும்பம், ஆரோக்கியம், சூரிய ஒளி’ என்று பள்ளிக்கூட இம்போசிஷன் ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் ‘ஆரோக்கியம்’ என்று எழுதினால் அவரே எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

அதனால் கோட்டுக்குப் பக்கத்தில் நானே பென்சிலால் ‘ஏன்?’ என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு பக்கம் உயிர் பிடித்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன். டயாலிசிஸுக்காக அவர் இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் அதன் மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அது இருந்தால் ரத்தம் ஓடுகிறது. நின்றிருந்தால் அடைப்பு, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு நாள் நான் எழுதியது: ‘காலையில் அதிர்வு நன்றாக இருந்தது. ஏன்? ராத்திரி அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கவில்லை. நேற்று அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க வந்தவரிடம், அந்தக் கை வேண்டாம், இந்தக் கை என்று இவரே சொல்லித் தடுத்தார்.’ விரலால் தொட்டுப் பார்த்த சங்கதி இது. மனதைத் தேற்றிக்கொள்ள நான் கட்டிச் சொன்னதில்லை. அதில் அவருடைய பங்கு என்ன, என் பங்கு என்ன, மருத்துவமனையின் பங்கு என்ன என்று எழுதும்போதே தெரிந்துவிடுகிறது. நாளைக்கு எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இன்னொரு குறை: இதைத் தினமும் நிரப்பச் சொல்கிறார்கள். ஒரு நாள் விட்டால் அடுத்த பக்கத்தில் ‘தவறவிட்டீர்களா? மீண்டும் முயலுங்கள்!’ என்று ஆச்சரியக்குறியோடு குத்திக்காட்டல் வேறு. சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழுவினர், நன்றி சொல்ல வேண்டியவற்றை எண்ணி எழுதும் பழக்கத்தை ஆறு வாரம் சோதித்துப் பார்த்தபோது, வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் இருந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. தினமும் வேண்டும் என்பது பக்கங்களை நிரப்ப டைரிக்காரர்களுக்கு வசதி, அவ்வளவுதான். செலிக்மேன் ஆய்வில் தினமும் எழுதியதும் ஒரே ஒரு வாரம்தான். நான் டயாலிசிஸ் இல்லாத நாள் ஒன்றில் மட்டும் எழுதுகிறேன். குத்திக்காட்டும் வரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. (டைரியோடு வந்த சிரிக்கும் மேகம், கைதட்டும் நட்சத்திரம் ஸ்டிக்கர்களுக்கு வேறு உபயோகம் தெரியவில்லை.)

இனி, காசு கொடுத்ததற்குப் பொருத்தமான பக்கம். வாரக் கடைசியில் இரண்டு பக்கம் விரித்து, நாலு கட்டம் வைத்திருக்கிறார்கள்: என்ன வேண்டும், கிடைத்தால் எப்படி இருக்கும், எனக்குள் இருந்து தடுப்பது எது, அந்தத் தடை வரும்போது என்ன செய்வேன். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை இது. அவர் 1991இல் டாக்டர் தாமஸ் வாடனோடு சேர்ந்து, எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. மெலிந்த பிறகு எப்படி இருப்போம் என்று இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்களுக்குக் குறைவாகத்தான் குறைந்தது. எதிர்பார்ப்பும் பகற்கனவும் நமக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் வேலை செய்வது வேறு விதம். அட்டை நம்மைக் கனவு காணச் சொல்கிறது, இந்தப் பக்கம் தடையைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே ஆள் வடிவமைத்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வாரம் இருந்தது இதுதான். வேண்டியது: இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அவர் எடை அதிகம் ஏறக் கூடாது. ஏறுவது சதையில்லை, உடம்பில் தேங்கும் நீர். கிடைத்தால்: நாலு மணி நேரத்தில் நிறைய நீரை இழுத்து எடுக்க வேண்டியிருக்காது, கெண்டைக்காலில் சுளுக்கிப் பிடிக்காது, அன்றைக்குச் சாயங்காலம் எழுந்து உட்காரத் தெம்பு இருக்கும். தடை: தாகம் என்று அவர் கேட்டால் எனக்கு மனசு கேட்காது. திட்டம்: ஒரு நாளைக்கு அனுமதித்த தண்ணீரைக் காலையிலேயே அளந்து அவர் பக்கத்தில் வைத்துவிடுவது. கேட்டால் நான் எழுந்து போகாமல் பாட்டிலைக் காட்டுவது. அப்புறமும் நாக்கு வறண்டால் அதே அளவிலிருந்து உறைய வைத்த ஒரு பனிக்கட்டி. அவ்வளவுதான் விஷயம். ‘நேர்மறையாக யோசி’ என்பதை விட ‘அவர் கேட்டால் பாட்டிலைக் காட்டு’ என்பது எனக்கு அதிக தைரியம் கொடுத்தது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டி வாக்கியமாக எழுதி வைப்பது பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த விஷயம். நிறைய ஆய்வுகளில் நிற்கிற முறை. டைரியில் அதற்கு ஒன்றரை வரி இடம்தான் விட்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் அரைப் பக்கமாவது கொடுக்கட்டும்.

நல்ல பக்கம் இன்னொன்று உண்டு: ‘அடுத்த வாரத்துக்கு ஒரு சந்தோஷத்தை இப்போதே குறித்து வை’. மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது, செய்தால் பின்னாலேயே கொஞ்சம் வரும் என்பது 1970களிலிருந்து பீட்டர் லூயின்ஸோன் போன்ற உளவியலாளர்கள் மனச்சோர்வுக்கான சிகிச்சையில் பயன்படுத்திய யோசனை. டயாலிசிஸ் நாளில் அவர் துவண்டு கிடப்பார், அன்றைக்கு எதையும் குறிக்கக் கூடாது. மறுநாள்தான் ஆள் தெளிவாக இருப்பார். அன்றைக்குச் செஸ் என்று எழுதி வைத்தோம். முதல் ஆட்டத்திலேயே என் ராணியைத் தூக்கிவிட்டு, “உன்னைத் தோற்கடிக்கத்தான்மா நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வந்திருக்கேன்” என்றார். இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அப்படிச் சிரித்த பிறகு ஓர் உறுத்தல் வரும். வீட்டில் இவ்வளவு நடக்கும்போது சிரிக்கிறோமே என்று. இதைப் பற்றி டைரியில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் உள்ளடக்கத்தில் எனக்குப் பெரிய குறை. சூசன் ஃபோக்மன் என்ற ஆய்வாளர், எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த துணைவர்களைப் பராமரித்த ஆண்களை 1990களில் தொடர்ந்து பேட்டி கண்டார். ஆரம்பத்தில் கஷ்டங்களை மட்டுமே கேட்டார்கள். பேட்டி கொடுத்தவர்களே, ‘நல்லதையும் கேளுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்பது உங்களுக்குப் புரியாது’ என்று சொன்னார்கள். கேட்க ஆரம்பித்ததும், அந்த நிலையிலும் கிட்டத்தட்ட எல்லோரிடமும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. துக்கம் குறைந்ததால் வந்த சந்தோஷம் இல்லை அது. துக்கம் அப்படியே இருக்க, பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. காத்திருக்கும் நாற்காலிகளில் எனக்குப் பழக்கமானவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ‘இன்றைய மனநிலை’ என்று ஐந்து முகங்கள், அதில் நாலு சிரிக்கின்றன. கோபத்துக்கு முகமே இல்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வரும் ஆடியோவில் பின்னணி இசை பேச்சை விழுங்குகிறது. தாள் மெல்லியது, ஜெல் பேனா பின்பக்கம் தெரியும், பந்துமுனைப் பேனா பரவாயில்லை. ஒட்டு பைண்டிங் என்பதால் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும். மடியில் வைத்து ஒற்றைக் கையால் எழுதுகிறவர்களுக்கு இது சோதனை. பேனா செருகும் வளையத்தில் எந்தப் பேனாவும் நுழையவில்லை.

கடைசி அட்டையின் உள்பக்கம், பொடி எழுத்தில், ‘இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல’ என்று ஒரு வரி. அது முதல் பக்கத்தில், அந்தத் தேதிக் கட்டம் இருக்கும் இடத்தில் வர வேண்டியது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டு, ஒரு கட்டத்தில் வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால், அது டைரிக்குள் அடங்கும் சமாசாரம் இல்லை. நோயாளியைப் பார்க்கும் டாக்டரிடமே உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பராமரிப்பவர்களை யாரும் கேட்பதில்லை, நாமாகத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

யாருக்கு வாங்கிக் கொடுக்கலாம்? நீண்ட நாள் நோய், வேலை போனது, வழக்கு, கடன் என்று முடிவு தெரியாத எதிலாவது மாட்டியிருப்பவர்களுக்கு, அவர்களே கேட்டால். புதிதாகத் துக்கத்தில் இருப்பவர் கையில் இந்த அட்டையைக் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். அவர்களுக்கு இப்போது தேவை கூட உட்கார ஓர் ஆள்.

இரண்டாவது பிரதி நான் வாங்கவில்லை. சாதாரணக் கோடு போட்ட நோட்டில் அந்த நாலு கட்டத்தையும், ‘ஏன்?’ கட்டத்தையும், செஸ்ஸுக்கு ஒரு வரியையும் ஸ்கேல் வைத்து நானே போட்டுக்கொண்டேன். கூடவே ‘இன்று மோசமாகப் போனது’ என்று மேலே ஒரு கட்டம், முதலில் அதை எழுதிவிட்டுத்தான் கீழே இறங்குவது. கோடு போடப் பொறுமை இல்லாதவர்கள் அச்சடித்ததையே வாங்கலாம். ஆனால் கம்பிச் சுருள் பைண்டிங் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.