விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ள: சொந்த ஆளா, வெளி ஆலோசகரா?

சேலத்தில் முப்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. சட்ட விதிகளையும் நெறிமுறைகளையும் கவனிக்க மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதா, அவ்வப்போது வந்துபோகும் ஆலோசகரே போதுமா?

காகித வேலையில் ஆலோசகர்தான் வேகம். மருத்துவ நிறுவனங்களுக்கான 1997 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, என்ஏபிஹெச் (மருத்துவமனைத் தர அங்கீகாரம்) கோப்பு எல்லாம் அவருக்குப் பழகிய பாதை.

தினசரி வேலை வேறு. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று சரியாகப் பிரிக்கிறார்களா என வார்டில் நின்று பார்க்க ஆள் வேண்டும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது 2016 விதி. மழைக்குப் பாதை அடைபட்டுக் கழிவு எடுக்கும் வண்டி வராவிட்டால், காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆலோசகர் போனிலேயே பார்த்துக்கொள்வார் என்று நம்பாதீர்கள். ஸ்கேன் அறையும் அப்படித்தான்: கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் என்ற பதிவு, அடுத்த மாதம் 5 ஆம் தேதிக்குள் அறிக்கை.

அப்புறம், சம்மதக் கடிதம். ஆலோசகர் கோப்பில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். நோயாளிக்குப் புரிகிற தமிழில் விளக்கினார்களா என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் முதலாளி மருத்துவரே தவறினால் சம்பளக்காரர் வாய் திறப்பாரா? அங்கே வெளி ஆளுக்குத்தான் கொஞ்சம் துணிச்சல் வரும். (அவருக்கும் அடுத்த ஒப்பந்தக் கவலை உண்டு, அது வேறு கதை.)

நானாக இருந்தால், செவிலியராக இருந்த ஒருவரை முழுநேரம் வைப்பேன்; ஆலோசகரை அங்கீகாரம் புதுப்பிக்கும் சமயத்தில் மட்டும் கூப்பிடுவேன்.