மன்னார்குடியில் அப்பாவின் உயில்

மெல்பர்னிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனபோது, அப்பாவின் உயிலை முடித்துவிட வேண்டும் என்பதுதான் முதல் வேலையாக இருந்தது. அவருக்கு எண்பதை ஒட்டிய வயது.

முதலில் ஓர் ஆவண எழுத்தரிடம் போனோம். கிரயப் பத்திரத்தில் கைதேர்ந்தவர் என்று பெயர். அரை மணியில் உயிலை அச்சடித்தே நீட்டிவிட்டார். படித்தால் "என் இரண்டு குமாரர்களுக்கும்" என்று இருக்கிறது. அப்பாவுக்கு நான் ஒரே மகன், தங்கை ஒருத்தி. வேறு யாருடைய உயிலோ கணினியில் கிடந்திருக்கிறது!

பிறகு, உறவினர் ஒருவர் சொன்ன பெண் வழக்கறிஞரிடம் போனோம். கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிட்டு, எழுத உட்காராமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஐயா, இந்த நஞ்சை உங்களுக்கு எப்படி வந்தது?"

"பட்டா என் பேரில்தானே இருக்கிறது?"

"பட்டா இருக்கட்டும். அதற்கு முன்னால்?"

தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் அது. உயில் எழுதாமலே 1984இல் காலமானார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பாட்டியும் இல்லாத நிலையில் அப்பாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. "சீர் செய்துதானே அனுப்பினோம்" என்றார் அப்பா. "சீர் வேறு, பங்கு வேறு ஐயா" என்றார் வழக்கறிஞர். அத்தை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் ஒழிய, முழு நிலத்தையும் உயிலில் சேர்ப்பது வீண். அத்தை தர மறுத்துவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பாதியை மட்டும் எழுதச் சம்மதித்தார்.

யாருக்கு எது என்று பேசும் கட்டம் வந்ததும் வழக்கறிஞர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். சொத்து பெறப்போகிறவரே முன்னின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்குமாம். அப்பா மனத்தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்றும் வாங்கச் சொன்னார்.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அப்பா கூட்டிவந்த இருவரும் அவருடன் பள்ளியில் படித்தவர்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று வழக்கறிஞர் நயமாகச் சொல்லி, நாற்பது வயதுக்காரர்கள் இருவரை ஏற்பாடு செய்யவைத்தார். அந்தப் பெரியவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

என்னிடம் இருப்பது ஆஸ்திரேலியக் குடியுரிமையும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையும். விவசாய நிலம் வாங்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் வாரிசாகப் பெறலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவும் கட்டாயமில்லை. இருந்தாலும் பதிந்துவிட்டோம். பதிந்த உயில், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. அப்பா இருக்கும்வரை நகலை அவரோ அவருடைய முகவரோதான் வாங்க முடியும். உயிலின் மூலப் பிரதி எந்தப் பீரோவில் இருக்கிறது என்பதை மட்டும் எனக்கும் தங்கைக்கும் காட்டினார். உறையை ஒட்டி வைத்திருக்கிறார்.