வாடகை வீடு: கையெழுத்துத் தாளா, நொத்தாரிசு உறுதியா?

திருகோணமலையில், உவர்மலையிலோ உப்புவெளியிலோ வீடு எடுக்கும்போது, "நம்பிக்கைதானே" என்று இரண்டு வருட வாடகையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். செலவில்லை, அரை மணியில் முடியும். ஆனால் இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்தை மிஞ்சும் குத்தகை நொத்தாரிசு (உறுதிப் பத்திரம் எழுத உரிமம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வருடம் நீதிமன்றத்தில் நிற்காது. மாதாந்த வாடகையாகத்தான் கணக்கு. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்த குடும்பம் இடையில் வீடு மாற வேண்டி வந்தால், இது பெரிய அடி.

நொத்தாரிசு உறுதிக்குக் கட்டணம் உண்டு. பெரிய முற்பணம் கொடுப்பவர் அதைப் பார்த்துப் பின்வாங்கவே கூடாது. முற்பணத் தொகை, அதைத் திருப்பித் தரும் நாள், மின்மானி வாசிப்பு மூன்றையும் உறுதியில் எழுதச் சொல்லுங்கள். மாதா மாதம் இருந்து பார்க்கிறவருக்கு, சரி, தாளும் வாடகைப் பற்றுச்சீட்டும் போதும்.