தெருவோர உறைகிணறு வெட்டித் தரும் சேவை: பள்ளிக்கரணை வடிநிலத்து நலச்சங்கங்களுக்கு ஒரு மதிப்புரை

சிட்லபாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேரும். 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலம் பிழைக்க வேண்டுமானால் மேட்டில் இருக்கும் தெருக்களில் விழுகிற மழை அங்கேயே கொஞ்சம் தங்க வேண்டும். 2019 கோடையில் சிட்லபாக்கம் மக்கள் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரியைத் தூர் வாரிய சங்கங்கள் அடுத்து எடுக்க வேண்டிய வேலை தெருவோர உறைகிணறு: வளைய உறைகளை அடுக்கி, தெருவில் விழும் மழையை மண்ணுக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறு. அதை வெட்டித் தருகிற சேவைகளைப் பற்றியது இந்த மதிப்புரை.

சந்தையில் இரண்டு வகை சேவை கிடைக்கிறது. ஒன்று, பரம்பரையாகக் கிணறு வெட்டும் குழு. நான்கைந்து பேர், ஒரு மேஸ்திரி, கடப்பாரை, மண்வெட்டி, கயிறு, கப்பி. அடிக் கணக்கில் கூலி பேசுவார்கள். இரண்டாவது, குழி, வடிகட்டி, மூடி எல்லாம் சேர்த்து ஒரே விலையில் 'பேக்கேஜ்' தரும் நிறுவனங்கள். நம் பரிந்துரை முதல் வகைக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: கிணற்றுக்குள் போகும் முன் தண்ணீரின் மண்ணையும் குப்பையையும் படிய வைக்கும் வண்டல் தொட்டியைச் சங்கமே வரைந்து கொடுத்துக் கட்ட வைக்க வேண்டும். மண்ணைப் பார்த்து முடிவெடுப்பதில் மேஸ்திரிகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கிணற்றுக்குள் என்ன தண்ணீர் போகிறது என்பதைத் தங்கள் பொறுப்பாக அவர்கள் நினைப்பதில்லை. பேக்கேஜ்காரர்கள் வடிகட்டியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மண் எதுவானாலும் ஒரே அளவுக் கிணற்றை இறக்கிவிட்டுப் போவார்கள். மண் ஒத்துவராத கிணற்றுக்கு எந்த வடிகட்டியும் உதவாது.

முதலில் அளவு. இங்கேதான் சங்கங்கள் அதிகம் ஏமாறுகின்றன. 3 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் என்றால் 200 லிட்டர். 4 அடி விட்டத்தில் 356 லிட்டர், 5 அடி விட்டத்தில் 556 லிட்டர். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் எந்த விலைப்பட்டியலையும் சோதித்துவிடலாம். 30 அடி அகலம், 300 அடி நீளமுள்ள தெருவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 42,000 லிட்டர் விழுகிறது. வீட்டு மாடிகள் இந்தக் கணக்கில் இல்லை. 15 அடி ஆழத்தில் 13 அடி பயன்படும் என்று வைத்தால் 3 அடிக் கிணறு ஒன்று 2,600 லிட்டர் பிடிக்கும். அதாவது விழுந்ததில் 6 சதவீதம். அதே ஆழத்தில் 5 அடி விட்டத்தில் மூன்று கிணறு என்றால் ஏறக்குறைய 21,700 லிட்டர், பாதி மழை. மீதி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் வேகத்தைப் பொறுத்தது. ஒரு தெருவுக்கு ஒரு 3 அடிக் கிணறு போதும் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை. தனி வீட்டுக்கு அதே கிணறு நல்ல கிணறு. 1,000 சதுர அடி மாடியில் அந்த 50 மில்லிமீட்டருக்கு விழுவது 4,650 லிட்டர்தான். அதில் பாதிக்கு மேல் உள்ளே நிற்கும்.

அடுத்தது மண். சென்னையில் பத்து நிமிட நடைக்குள் மண் மாறும். கடற்கரையோரம் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல். அங்கே ஆழமாகத் தோண்டவே தேவையில்லை. மழை தானாகவே இறங்கும், சிமென்ட் தரையைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த மணலில் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதனால் அங்கே ஒரு அடி மீள்நிரப்புக்கும் மதிப்பு அதிகம். மயிலாப்பூர் போன்ற இடங்களில் களி. பல்லாவரம், தாம்பரம் பக்கம் மேலே செம்மண், சரளை, அதன் கீழ் இளகிய பாறை, அதற்கும் கீழ் கெட்டிப் பாறை. இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்திலிருந்து போனதால் வந்த பெயர் அது. கெட்டிப் பாறை தண்ணீர் குடிக்காது. அதன் மேலிருக்கும் இளகிய பாறைதான் நம் தொட்டி. கடப்பாரை 'டங்' என்று திரும்பும் இடத்தில் நல்ல மேஸ்திரி நிறுத்திவிடுவார். 'இன்னும் ஐந்து அடி உடைக்கிறேன்' என்று கூலி ஏற்றுபவர் தேவையில்லாத வேலை செய்கிறார்.

களியில் கதை வேறு. 15 அடி இறக்கியும் அடியில் களிதான் என்றால் அந்தக் கிணறு தண்ணீர்த் தொட்டி, மீள்நிரப்புக் கிணறு அல்ல. கிணற்றின் அடியிலிருந்து 6 அல்லது 8 அங்குலத் துளை போட்டு, கீழே இருக்கும் மணல் படுகையைத் தொட்டு, வெட்டுப்போட்ட பி.வி.சி. குழாய் இறக்கிச் சுற்றிலும் சிறு கூழாங்கல் நிரப்ப வேண்டும். குழாயின் வாய் கிணற்றின் அடித்தளத்திலிருந்து குறைந்தது 2 அடி மேலே நிற்க வேண்டும், வாயில் வலை கட்ட வேண்டும். தரையோடு தரையாக வெட்டிவிட்டால் முதல் மழையின் வண்டல் நேரே துளைக்குள் போய் அடைக்கும். அடைத்த துளையைத் திரும்பத் திறப்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

உறை இறக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை. களியிலும் செம்மண்ணிலும் உறையை விட ஒரு அடி அகலமாகக் குழி தோண்டி, உறையை அடுக்கி, சுற்றியுள்ள அரை அடி இடைவெளியில் முக்கால் அங்குல ஜல்லி நிரப்புவார்கள். மணலில் அப்படித் தோண்டினால் பக்கம் சரியும், ஆள் புதைவார். அங்கே உறையைத் தரையில் வைத்து, உள்ளிருந்து மணலை அள்ள அள்ள உறை தானாக இறங்க வேண்டும். மணல் தெருவில் 10 அடித் திறந்த குழி தோண்டும் குழுவை உடனே நிறுத்துங்கள்.

மேல் 3 அடி உறைகளின் இணைப்பை மட்டும் சிமென்ட் வைத்துப் பூச வேண்டும், தெருவின் மேற்பரப்பு அழுக்கு பக்கவாட்டில் கசியாமல் இருக்க. கீழ் உறைகளின் இணைப்பு திறந்தே இருக்கட்டும். அடியில் கான்கிரீட் போடவே கூடாது. சொல்லாமல் விட்டால் சில கொத்தனார்கள் 'சுத்தமாக இருக்கட்டும்' என்று அடியைப் பூசிவிடுகிறார்கள். அந்தப் பூச்சு கிணற்றைக் கொன்றுவிடும். அடியில் ஒரு அடி உயரத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி பரப்பினால் விழும் தண்ணீர் மண்ணைக் குடையாது. கரி, மணல், ஜல்லி என்று கிணற்றை முழுக்க நிரப்பித் தரும் சேவையை வாங்காதீர்கள். நிரப்பிய இடத்தில் தண்ணீருக்கு இடம் பாதிக்கும் கீழே போய்விடும், அடைத்தால் தூர் வாரவும் முடியாது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீருக்குக் கரி தேவையும் இல்லை.

இப்போது வண்டல் தொட்டி. இந்தச் சேவையின் உயிர் இதுதான், விலைப்பட்டியலில் கடைசி வரியில் கிடப்பதும் இதுதான். தெருத் தண்ணீரில் மண், சருகு, பிளாஸ்டிக், வண்டி எண்ணெய் எல்லாம் வரும். கிணற்றுக்கு முன்னால் 3 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு தொட்டி. உள்ளே வரும் வாயில் இரும்புக் கம்பி வலை. கிணற்றுக்குப் போகும் 6 அங்குலக் குழாய் தொட்டியின் அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் அதன் முனையில் கீழ்நோக்கி வளைந்த எல்போ. மிதக்கும் எண்ணெயும் சருகும் தொட்டியிலேயே நின்றுவிடும், மண் அடியில் படியும், நடுவில் இருக்கும் தெளிந்த நீர் மட்டும் போகும். தொட்டியின் அடியைப் பூசாமல் ஜல்லி பரப்பி விட்டால் மழை நின்றதும் தேங்கிய நீர் வடிந்துவிடும், கொசு வராது. இந்தப் படத்தை நீட்டும்போது 'இதெல்லாம் எதுக்கு சார், வலை போட்டாப் போதும்' என்று சொல்லும் ஒப்பந்ததாரருக்கு வேலை கொடுக்க வேண்டாம். வலை மண்ணைப் பிடிக்காது.

எந்தச் சேவையையும் அளக்க எங்களிடம் ஒரே கேள்வி இருக்கிறது. மழை பெய்து மூன்று நாள் ஆன பிறகு தெரு வடிகாலைப் போய்ப் பார்த்தார்களா? வெயில் நாளில் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல, யாரோ கழிவுநீரை இணைத்திருக்கிறார்கள். அந்த வடிகாலைக் கிணற்றில் சேர்த்தால் தெரு முழுவதும் குடிக்கிற நீரில் மலக்கிருமி சேரும். கேட்டதும் 'பார்த்துக்கலாம்' என்பவர்கள் ஏராளம். கழிவுநீர் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் வேலை தொடங்குவேன் என்று மறுக்கிறவரே நல்ல ஒப்பந்ததாரர். அதே காரணத்துக்காகத் தெருத் தண்ணீரை ஓடாத ஆழ்துளைக் கிணற்றில் நேராக விடும் சேவைகளை அறவே தவிர்க்க வேண்டும். உறைகிணற்றில் இறங்கும் நீரை மண் ஓரளவு வடிகட்டும். ஆழ்துளைக் குழாயில் அந்த வடிகட்டல் கிடையாது. அழுக்கு நேரே பாறை வெடிப்புக்குள் போய்ச் சேரும். மலக்குழி, கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் இடம் காட்டுபவர்களும் இந்தப் பட்டியலில்தான்.

வேலையை ஏற்கும் முன் சோதனை. மூடி போடுவதற்கு முன் 1,000 லிட்டர் ஊற்றுங்கள். 3 அடிக் கிணற்றில் 5 அடி ஏறும். அது வற்றிய பின் இன்னொரு 1,000 லிட்டர் ஊற்றி, அதற்கு மட்டும் நேரம் குறியுங்கள். காய்ந்த மண் முதல் தடவை பேராசையோடு குடிக்கும், அந்தக் கணக்கு பொய். இரண்டாவது தடவை ஊற்றியது மறுநாள் காலைக்குள் வற்றினால் கிணறு தேறியது. ஒரு சாண் கூட இறங்கவில்லை என்றால் மேலே சொன்ன துளை இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் தோண்டும் கூலி, உறை, ஜல்லி, மூடி, வண்டல் தொட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை கேளுங்கள். மொத்தத்தில் ஒரு பங்கை வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழைக்குப் பிறகு தருவதாக எழுதுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளும் குழுக்கள் இருக்கின்றன.

தெரு நம்முடையது அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் மண்டல அலுவலகத்தில் எழுத்து அனுமதி வாங்கிய பிறகே குழி எடுக்க வேண்டும். மின்வாரியக் கேபிள், குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்த லைன்மேனை முதல் நாள் காலை கூடவே நிறுத்துங்கள். வேலையை மே முதல் ஆகஸ்ட் வரை வைத்துக்கொள்வது நல்லது. நிலத்தடி நீர் கீழே இருக்கும், குழிக்குள் ஊற்று வராது.

மூடிக்கு 4 அங்குலக் கான்கிரீட் சிலாப், நடுவில் பூட்டுப் போடும் இரும்புத் திறப்பு. லாரி ஏறும் தெருவென்றால் உள்ளே கட்டும் கம்பி கனமாக இருக்க வேண்டும், கிணற்றை ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். காற்றுக் குழாய் ஒன்று, அதன் வாயில் கொசுவலை. நகர மலேரியாவைப் பரப்பும் கொசு கிணறுகளில் முட்டையிடும் வகை என்பதால் இந்த வலையை அலட்சியப்படுத்தக் கூடாது.

பராமரிப்புச் சேவையைத்தான் யாரும் சரியாகத் தருவதில்லை. செப்டம்பரில் ஒரு முறை, நவம்பர் நடுவில் ஒரு முறை வண்டல் தொட்டியை அள்ள வேண்டும். அதற்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம் போதும், கிணற்றுக்குள் இறங்கத் தேவையில்லை. கிணற்றையே தூர் வாருவது மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை. அப்போது மூடியைத் திறந்து ஒரு நாள் முழுக்கக் காற்றோட விடுங்கள், ஊதுவிசிறி வையுங்கள். அழுகிய சருகு கிணற்றில் ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் போதாது, நச்சு வாயுவை அது காட்டாது. இடுப்பில் கயிறு இல்லாமல், மேலே இரண்டு பேர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி நீர் இறைக்கும் குழு வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். திறப்பின் சாவி சங்கச் செயலாளரிடம் ஒன்று, தெருவின் இரண்டு முனை வீடுகளில் ஒவ்வொன்று என்று மூன்று இருக்கட்டும். நவம்பரில் இரவு 2 மணிக்கு வாய் அடைத்துத் தெருவில் தண்ணீர் ஏறும்போது வலையில் சிக்கிய சருகை எடுக்க ஓடி வருபவர் அந்த முனை வீட்டுக்காரர்தான்.