22 அடி பாய்மரப் படகுக்கு எந்த நிழல்: பிமினியா, பூம் பந்தலா?

புளோரிடாவின் பிஸ்கேன் விரிகுடாவில் ஜூன் மாத நண்பகல் சூரியன் நேர் உச்சியிலிருந்து இரண்டு மூன்று பாகைதான் விலகி நிற்கும். அந்த வெயிலில் கேட்டலினா 22 மாதிரி ஒரு சின்னப் படகின் காக்பிட்டில், அதாவது உட்கார்ந்து ஓட்டும் பள்ளத்தில், ஒதுங்க இடமே கிடையாது. 1969 முதல் 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட படகு அது. அதனால் அதன் காக்பிட்டுக்கு நிழல் போடும் வழிகளை ஏராளமானவர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள். முக்கியமாக இரண்டு வழிகள்: குழாய்ச் சட்டத்தில் துணி கட்டிய பிமினி, பூம் (பாயின் அடியோரத்தைப் பிடிக்கும் கிடைக்கழி) மேல் விரிக்கும் பந்தல்.

எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நிழல் எப்போது வேண்டும் என்று கேட்க வேண்டும். பாய் விரித்து ஓடும்போதா, நங்கூரம் போட்ட பிறகா? இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றுக்கானதை வாங்கி மற்றதற்குப் பயன்படுத்தப் பார்ப்பதில்தான் பணமும் பொறுமையும் வீணாகின்றன.

பிமினியின் பெரிய பலம், படகு ஓடும்போதும் அது தலைக்கு மேல் இருக்கும் என்பது. காற்று செத்த மதியத்தில் மோட்டார் போட்டு இரண்டு மணி நேரம் திரும்பி வரும்போது அதன் அருமை தெரியும். ஆனால் கடையில் கிடைக்கும் ஆயத்த பிமினிகளில் பெரும்பாலானவை மோட்டார் படகுக்காகச் செய்தவை. அங்கே தலைக்கு மேல் வானம்தான். இங்கே பூம் இருக்கிறது. கேட்டலினா 22-இல் பூம் தாழ்வு. போதாததற்கு, பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் மெயின்ஷீட் கயிறு பூமின் நுனியிலிருந்து படகின் பின்விளிம்புக்கு இறங்குகிறது. அதையும், பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பேக்ஸ்டே கம்பியையும் தொடாமல் பிமினி அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். மடித்துப் பின்னால் சாய்க்கவும் இடம் வேண்டும். இத்தனையையும் கழித்தால் கிடைப்பது, உட்கார்ந்தால் மட்டும் தலை இடிக்காத ஒரு தாழ்ந்த கூரை. நின்றுகொண்டு டில்லர் (சுக்கான் கட்டை) பிடிப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

அளவெடுப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. படகு டிரெய்லரில் நிற்கும்போது எடுத்த அளவு போதாது. மெயின் பாயை ஏற்றி, மெயின்ஷீட்டை இறுக்கி இழுத்தால் பூமின் நுனி கீழே இறங்கும். அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். பாயை இறக்கும்போது நிலைமை இன்னும் மோசம். இந்தப் படகுகள் பலவற்றில் பூம் நுனியைத் தாங்கும் டாப்பிங் லிஃப்ட் கயிறு கிடையாது. பேக்ஸ்டேயிலிருந்து தொங்கும் ஒரு குட்டிக் கம்பியில் பூமை மாட்டி வைப்பார்கள். மாட்டுவதற்குள், பாயை ஏற்றி இறக்கும் ஹால்யார்டு கயிற்றை விட்டால் பூம் முழு எடையோடு பிமினி மேல் விழும். ஆகவே பிமினி போடுகிறவர் முதலில் டாப்பிங் லிஃப்ட் போட வேண்டும். இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம், பாயைப் பார்க்க முடியாது. சின்னப் படகை ஓட்டுவதன் இன்பத்தில் பாதி, தலையை நிமிர்த்திப் பாயின் வயிறு எப்படிப் புடைக்கிறது என்று பார்த்துக் கயிறைத் தளர்த்துவதில் இருக்கிறது. பிமினித் துணியில் கண்ணாடி போன்ற வினைல் ஜன்னல் ஒன்று வைத்துத் தைக்கலாம். அதன் வழியாகக் கொஞ்சம் தெரியும், வெயிலும் கொஞ்சம் வரும். எனக்கு அது அரைமனதான தீர்வாகத்தான் படுகிறது.

பூம் பந்தல் இந்தச் சங்கடம் எதையும் தருவதில்லை. ஏனென்றால் அது ஓடும்போது இருக்கவே இருக்காது. நங்கூரம் போட்ட பின், பூமை முகடாக வைத்துத் துணியை இருபக்கமும் விரித்து, ஓரத்துப் பாதுகாப்புக் கம்பிகளான லைஃப்லைன்களில் கட்டினால் வேலை முடிந்தது. முன்னும் பின்னும் குறுக்கே ஒரு கூடாரக் கம்பி செருகினால் துணி தொங்காது. நங்கூரத்தில் கிடக்கும் படகு பெரும்பாலும் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பிக்கொள்ளும். எனவே முன்பக்கம் திறந்த பந்தலுக்குள் காற்று தானாக நுழையும். கேபினின் மேல்தளத்தையும் சேர்த்து மூடினால் உள்ளே படுக்கவும் முடியும். பிமினியால் இது ஆகாது.

மாலை வெயிலிலும் பந்தலுக்குத்தான் வெற்றி. ஜூனில் மாலை ஐந்து மணிக்கு மயாமியில் சூரியன் சுமார் 40 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது கூரை உங்கள் தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைவிடச் சற்று அதிகமாகவே நிழல் பக்கவாட்டில் தள்ளிப்போகும். தட்டையான பிமினியின் நிழல் தண்ணீர் மேல் விழ, நீங்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். சரிந்து இறங்கும் பந்தலின் பக்கங்கள் அந்த வெயிலை மறிக்கும். பிமினியே வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் மாட்டிக் கழற்றும் வலைத்துணித் திரை ஒன்றையும் சேர்த்துத் தைத்துக்கொள்வது நல்லது.

குடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். கடற்கரைக் குடையின் காம்பு அதைத் தாங்காது. கேபின் வாசலுக்கு முன் நிற்கும் டாட்ஜர் அலைத்திவலையைத் தடுக்க வந்தது, நிழலுக்கு அல்ல.

விலையில் பெரிய வித்தியாசம். ஆயத்த பிமினி சில நூறு டாலர். படகுக்கென்றே அளவெடுத்துத் தைத்தால் ஆயிரத்தை எளிதாகத் தாண்டும். பந்தலை ஒரு தார்ப்பாயில் தொடங்கலாம். ஒரு பருவம் அப்படி ஓட்டி, எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, பிறகு நல்ல துணியில் தைப்பதுதான் என் பரிந்துரை. வாரக்கடைசியில் சில மணி நேரம் பாய் ஓட்டிவிட்டு நங்கூரம் போட்டுக் குளித்துச் சாப்பிடுகிறவருக்குப் பந்தலே போதும். ஓடும் நேரத்துக்கு அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும். வெயில் ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர், சின்னக் குழந்தைகளோடு போகிறவர், பாதி நேரம் மோட்டாரில் ஓடுகிறவர் ஆகியோர் பிமினிக்குச் செலவு செய்யலாம். அது வீண் அல்ல.

எதைத் தேர்ந்தாலும் தண்ணீரிலிருந்து எதிரொளித்து வரும் புற ஊதாக் கதிரைக் கூரை தடுக்காது. கடல் நுரையே தன் மேல் விழும் அந்தக் கதிரில் கால் பங்கைத் திருப்பி அனுப்பும். சன்ஸ்கிரீனை விட்டுவிட வேண்டாம்.

தைக்கக் கொடுக்கும்போது துணியை மட்டும் பேசி முடிக்காமல் நூலையும் கேளுங்கள். சன்பிரெல்லா போன்ற அக்ரிலிக் துணி பத்து வருடம் நிற்கும். அதைத் தைத்த சாதாரண பாலியஸ்டர் நூல் அந்த வெயிலில் அதற்கு வெகு முன்பே இற்றுவிடும். டெஃப்லான் வகையான பிடிஎஃப்இ நூல் விலை அதிகம், ஆனால் வெயில் அதைத் தின்பதில்லை. பந்தலின் கட்டுக்கயிறுகளை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். புளோரிடாவின் கோடை மதியங்களில் இடிமழை அடிக்கடி வரும். கருமேகம் மேற்கே தெரிந்ததும் பந்தல் இறங்கிவிட வேண்டும்.